60 காலன் தண்ணீரில் ஒரு குடித்தனம்

அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, லா போசா என்னும் பாலைவெளியில் நிறுத்தியிருக்கும் எங்கள் ட்ரெய்லருக்குள் அமர்ந்து இதை எழுதுகிறேன். வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் இந்த 31 அடி ட்ரெய்லரில் நானும் என் கணவரும் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் எந்தெந்த இடங்களைப் பார்த்தோம் என்றே கேட்கிறார்கள். எனக்கோ, ஒரு நகரம் நமக்காக ஓசையின்றிச் செய்துவந்த வேலைகளையெல்லாம் நம் கையில் எடுத்துக்கொள்வது எப்படியிருக்கிறது என்பதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் நன்னீர்த் தொட்டி 60 காலன், அதாவது சுமார் 227 லிட்டர் கொள்ளும். அது நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் 227 கிலோ ஆகிவிடுவதால், டிரக் இழுக்கக்கூடிய எடைக் கணக்கில் அதையும் சேர்த்தே பயணத்தைத் திட்டமிட வேண்டும். குழாய் இணைப்பு இல்லாத இந்த வெளியில் இருவரும் அதை எட்டு நாட்களுக்கு வைத்துக்கொள்கிறோம். உடல் நனைந்ததும் ஷவரை மூடிவிட்டு, சோப்புத் தேய்த்த பிறகே மீண்டும் திறக்கிறோம். அரிசி களைந்த நீரில்தான் பாத்திரங்களின் முதல் கழுவல் நடக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் நான் வளர்ந்த வீட்டில் அம்மா குடங்களை எண்ணி எண்ணிச் செலவழித்த அந்தக் கைக்கணக்கை, அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் குழாயைத் திறந்துவிட்டு வாழ்ந்ததில் முற்றிலும் மறந்திருந்தேன். அது இங்கே திரும்பி வந்துவிட்டது.

கழிவுநீரைப் பற்றிப் பேசப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் இந்த வாழ்க்கையில் முதலில் கற்க வேண்டியதே அதுதான். கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியை பிளாக் டேங்க் என்றும், குளியல், சமையல் நீர் சேரும் தொட்டியை கிரே டேங்க் என்றும் சொல்வார்கள். சாக்கடை இணைப்புள்ள முகாமில் நின்ற முதல் மாதம், எப்படியும் வெளியேறத்தானே போகிறது என்று எண்ணி பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்திருந்தோம். நீர் மட்டும் வடிந்துபோய், திடக்கழிவு தொட்டியின் அடியில் குவிந்து இறுகிவிட்டது. அதைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கரைக்க இரண்டு நாட்கள் ஆயின. தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறையும்வரை வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பதும், முதலில் பிளாக் டேங்கையும் அதன் பிறகே கிரே டேங்கையும் திறந்தால் சோப்பு நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதும் அப்படித்தான் மனத்தில் பதிந்தன. கையுறை அணிந்து அந்தக் குழாயைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும், நம் நாட்டில் இந்த வேலை யார் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது என்பதும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் மனிதர்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டுபோவதும் என் நினைவுக்கு வருகின்றன. என் வீட்டுக் கழிவை என் கையால் அகற்ற நாற்பத்தெட்டு வயதுவரை எனக்கு நேர்ந்ததில்லை என்பது வெட்கமாகவே இருக்கிறது.

மின்சாரத்தில் இவ்வளவு சிரமமில்லை. சூரிய ஒளித் தகடுகளும் லித்தியம் பேட்டரியும் வெட் கிரைண்டரைத் தாராளமாக ஓட்டுகின்றன. ஜனவரி இரவுக் குளிரில் மாவு புளிப்பதற்குத்தான் கூடுதலாக அரை நாள் ஆகிறது.

உண்மையில் கடினமானது முகவரி. ஓட்டுநர் உரிமம், வாகனக் காப்பீடு, வாக்குரிமை, வருமான வரி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தெருப் பெயரைக் கேட்கிறது. குடியுரிமை பெறுவதற்கு முன் நாங்கள் இப்படிக் கிளம்பியிருக்க முடியாது, ஏனெனில் இந்த நாட்டில் கிரீன் கார்டு உள்ளவர்கள்கூட முகவரி மாறிய 10 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டியே பலர் உரிமம் பெறுகிறார்கள். ஆனால் வாக்காளர் பதிவுக்கு அங்கே 2023-இல் 30 நாள் நிபந்தனை வந்ததால், நாங்கள் டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தோம். 1978-இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் ட்ரெய்லர்வாசிகளின் சங்கம் அங்கிருந்து உறுப்பினர்களின் தபாலைப் பெற்று, அவர்கள் நிற்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறது. அப்படியிருந்தும், அது தபால் முகவரிதானே ஒழிய வீடு இல்லை என்று சொல்லி ஒரு வங்கி எங்கள் கணக்கை முடக்கியது. அதை மீட்க நான்கு மாதங்கள் ஆயின. மருத்துவக் காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு அரசு தரும் மெடிகேர் என்னும் மருத்துவக் காப்பீடு, அதன் அடிப்படை வடிவில், நாடு முழுவதும் செல்லும். எங்கள் காப்பீடோ அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு லிவிங்ஸ்டன் வட்டார மருத்துவர்களையே ஏற்கிறது.

இந்த வெளியை நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை 1983 முதல் நீண்டகாலத் தங்கலுக்கு ஒதுக்கியிருக்கிறது. மற்ற பொதுநிலங்களில் பெரும்பாலும் 14 நாட்களே தங்க முடியும் என்றிருக்க, இங்கே 180 டாலர் செலுத்தினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். தண்ணீர் பிடிக்கவும் கழிவை இறக்கவும் தனிக் கட்டணம் இல்லை. அதனால் ஓய்வூதியத்தில் பயணம் செய்பவர்களும், வாடகை கொடுக்க முடியாமல் பழைய வேனில் படுத்துறங்குபவர்களும் இங்கே அருகருகே நிற்கிறார்கள். வீட்டை விற்ற பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு வந்த எங்களுக்கு இது விருப்பம். அவர்களுக்கு வேறு வழியில்லை. இரண்டையும் சுதந்திரம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறியதும் இங்கிருந்து கிளம்பி, மருத்துவரைப் பார்ப்பதற்காக லிவிங்ஸ்டனுக்குப் போக வேண்டும். வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு முதுமையோ நோயோ வந்துவிட்டவர்கள், தங்கள் சொந்த வண்டியிலேயே தொடர்ந்து குடியிருக்க, உணவும் பகல்நேரப் பராமரிப்பும் தந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் ஆள் வைத்திருக்கும் ஒரு மையம் அங்கே இருக்கிறது. சென்ற ஆண்டு அதைச் சுற்றிப் பார்த்தோம். அங்கே சில வண்டிகளின் வாசலில் படிகளுக்குப் பதிலாகச் சரிவுப் பலகைகள் போடப்பட்டிருந்தன. திரும்பி வந்து எங்கள் ட்ரெய்லரின் படிகளை எண்ணினோம். நான்கு இருந்தன.