பர்மாவில் இறந்த சிப்பாயின் பெயரைத் தேடிப் போனது

என் பாட்டியின் அண்ணன், அதாவது அப்பாவுக்குத் தாய்மாமன், இரண்டாம் உலகப் போரில் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்தவர். கல்யாணம் ஆவதற்கு முன்பே பர்மாவில் இறந்துபோனார். எங்கே, என்றைக்கு, உடல் என்ன ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நாள் தெரியாததால் பாட்டி கடைசிவரை ஆடி அமாவாசையன்றுதான் அண்ணனுக்குப் படையல் போட்டார். அந்த நாளையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் இது உதவும்.

தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். 1917-ல் தொடங்கிய அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த நம்மவர்களும் அதில் உண்டு. காசு எதுவும் கட்ட வேண்டாம்.

சிரமமெல்லாம் பெயரில்தான். நம் ஊரில் ஒரே பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. அதை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பார். முனுசாமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஐ' போட்டிருக்கலாம், 'ஒய்' போட்டிருக்கலாம், நடுவில் 'சாமி'க்குப் பதில் 'சுவாமி' வந்திருக்கலாம். அதனால் முழுப் பெயரை அடிக்காதீர்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, இந்தியப் படை, இரண்டாம் உலகப் போர் என்று வடிகட்டுங்கள். ஊர்ப் பெயர்களும் பழையபடிதான் இருக்கும்: டின்னவெல்லி, டிரிச்சினாபோலி, செங்கல்பட்டுக்குச் சிங்கிள்புட்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு மெடல். அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில், பர்மா ஸ்டார் என்கிற ஆறு முனை வெண்கல நட்சத்திரம் கிடந்தது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெடல்களில் பெயரும் படை எண்ணும் பொறித்திருப்பார்கள். தேய்ந்திருந்த அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தளத்தில் போட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. சிப்பாய், வயது 21, அப்பா பெயர், வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் உருத்தெரியாத ஒரு ஊர்ப் பெயர். அத்தைக்குப் போன் செய்து அதை எழுத்து எழுத்தாக வாசித்தேன். "நம்ம ஊருதான்டா அது" என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

இறந்தது 1945 மார்ச். ஐராவதி ஆற்றைத் தாண்டிய பிரிட்டிஷ் 14-ஆம் படை, ஜப்பானியரிடமிருந்து மாண்டலே நகரைப் பிடித்த மாதம் அது. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்துக்கொண்டோம். பங்குனி வளர்பிறை.

ரங்கூன் நினைவகம், இன்ன தூண் முகம் என்று பதிவில் எண் இருந்தது. கல்லறை தெரியாதவர்களின் பெயர்களை அங்கேதான் பொறித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். பாதை திறந்திருந்த காலத்தில் ஒருமுறை நேரில் போனேன். ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கூனுக்கு வடக்கே, பியீ நகருக்குப் போகும் சாலை ஓரத்தில் இருக்கும் தாவுக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அந்த நினைவகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நீண்ட தூண் வரிசைகள், நடுவில் வட்ட மண்டபம். சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற பொருளில், ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, பஞ்சாபி எழுத்தான குர்முகியில் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. இத்தனை தமிழ்ப் பெயர்களைத் தாங்கி நிற்கிற இடத்தில் தமிழ் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவிடம் இருக்கிறது, அதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

எண் தெரிந்திருந்ததால் தூணைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பெயரைத் தொட்டுப் பார்த்தேன். பாட்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லி, உங்கள் தங்கை வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பதிவில் அவருடைய அப்பா பெயர் ஓரெழுத்து பிசகியிருக்கிறது. திருத்தச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அந்தக் காலத்து ஆவணம் ஏதாவது காட்ட வேண்டும். மகன் போனபிறகு அவருடைய அம்மாவுக்குக் கொஞ்ச காலம் பென்ஷன் வந்ததாம். அந்தப் புத்தகம் எந்தப் பரணில் இருக்கிறதென்று சொந்தக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.