பேரணாம்பட்டு டேனரி வீடாகப் போகிறது

பேரணாம்பட்டில் அப்பா வேலை பார்த்த பழைய டேனரியை, அதாவது தோல் பதனிடும் ஆலையை, அடுக்குமாடி வீடுகளாக மாற்றப் போகிறார்கள். இடிக்காமல் மாற்றுவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தோல் உலர்த்திய மாடியில், காற்று குறுக்கே ஓடுவதற்கென்றே சுவர் நெடுக மரச்சட்டம் போட்ட சன்னல்கள். சித்திரை வெயிலிலும் அங்கே உட்காரலாம். அதை அடைத்து ஏசி மாட்டினால் கட்டடத்தின் உயிரே போய்விடும்.

கவலை கீழ்த்தளத்தில்தான். பச்சைத்தோல் உப்பு தடவித்தான் வரும். அந்த உப்பு சுவரில் ஊறி, இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் மாவாக உதிர்கிறது. தேய்த்தால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

அப்புறம் மண். தோலைப் பதனிட ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்ட காலம் போய் குரோமியம் என்ற ரசாயனம் வந்ததே, அது மண்ணில் தங்கியிருக்குமோ என்றுதான் பயம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பாலாற்றை நாசமாக்கிய டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். இங்கும் அந்தச் செலவு வீடு வாங்குபவர் தலையில் விழக்கூடாது. ஆகவே தோல் ஊறிய தொட்டிகளுக்கு அடியில் தோண்டி மண்ணையும், கிணற்றுத் தண்ணீரையும் முதலில் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையை, விலையைச் சொல்வதற்கு முன்பே வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.