சதுர அடிக் கணக்கில் வராத வேலை

ரொறொன்ரோவில் தரை போடுகிற ஆளைத் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடி எவ்வளவு?" என்றுதான். வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்கிறார், வேலை கொடுக்கும் கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார். புதிதாக வந்து இந்தத் தொழிலில் இறங்கும் எங்கள் பொடியன்களும் அந்த ஒரு எண்ணை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். இத்தனை சதுர அடி, அடிக்கு இவ்வளவு, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், கையில் இவ்வளவு நிற்கும் என்று. அந்தக் கணக்கில் வராத வேலைதான் எங்கள் நாளில் பாதியை எடுத்துக்கொள்கிறது. அதைச் சொல்லித்தர ஆள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

ஊரில் தரை என்றால் சீமெந்து. மேசன் மட்டம் பார்த்து இழுத்து, மேலே சிவப்புச் சாயம் பூசி மினுக்கிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். இங்கே மரத்துக்கு மேல் மரம். அடியில் ஜொயிஸ்ட் என்கிற விட்டங்கள், அதற்கு மேல் பிளைவுட், அதற்கு மேல்தான் நாங்கள் அடிக்கிற ஓக் பலகை. மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து விரியும், விட்டுவிட்டுச் சுருங்கும். ஓகஸ்டில் புழுங்கிய அதே வீட்டில், ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடி ஓடிக் காற்று உதடு வெடிக்குமளவுக்குக் காய்ந்திருக்கும். கோடையில் நெருக்கி அடித்த பலகைகளுக்கு நடுவில் அப்போது நீக்கல் தெரியும். உடனே தொலைபேசி வரும்: "தம்பி, நீர் போட்ட தரை பிரியுது."

அதனால் பலகையைக் கொண்டுவந்த கையோடு அடிக்கத் தொடங்குவதில்லை. ஹீற்றர் ஓடுகிற வீட்டுக்குள் சில நாள் வைத்து, ஈரம் பார்க்கும் மீற்றரால் பலகையையும் பிளைவுட்டையும் குத்திப் பார்க்கவேண்டும். மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகை என்றால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒடுக்கமான பலகைக்கு 4 வரை போகலாம். சுவரோரம் முக்கால் அங்குலம் வரை இடம் விட்டு, அதை பேஸ்போர்ட் என்கிற சுவரடிப் பட்டியால் மறைப்போம். இதெல்லாம் செய்தாலும், வீட்டின் ஈரப்பதத்தைக் குளிர்காலத்திலும் ஏறக்குறைய 35 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருப்பது வீட்டுக்காரர் கையில்தான். காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹியுமிடிஃபையர் போடச் சொல்லி வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு சொன்னால் அது சாட்டு மாதிரித்தான் கேட்கும்.

உண்மையான வேலை கார்ப்பெற்றைச் சுருட்டிய பிறகுதான் தெரியவரும். ஸ்காபரோவில் ஐம்பது அறுபதுகளில் கட்டிய பங்களா வீடுகள் நிறைய. கார்ப்பெற்றைத் தூக்கினால் அடியில் தூளாகிப்போன பஞ்சு, அதைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள்கள், ஓரம் முழுக்க ஆணிப்பட்டி. முழங்காலில் நின்று ஒவ்வொரு ஸ்டேப்பிளாகப் பிடுங்கவேண்டும். பிறகு நீளமான மட்டக்கோலை வைத்து அறை முழுக்க ஊர்ந்து பார்க்கவேண்டும். பத்தடி நீளத்துக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்பது கணக்கு. பிளைவுட் மூட்டு புடைத்திருந்தால் மண்தாள் மெஷினால் உரசுகிறோம். பள்ளத்துக்குக் கலவை ஊற்றுகிறோம். நடக்கும்போது கிறீச்சிடும் இடங்களில், அடியிலிருக்கும் ஜொயிஸ்ட்டைத் தேடிப் பிடித்துத் திருகாணி இறக்குகிறோம். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று ஓடும், ஆனால் பழைய வீட்டில் அதையும் நம்பமுடியாது.

இதற்குத் தனிக் காசு கேட்கும் இடம்தான் கஷ்டம்.

"அக்கா, இதை மட்டமாக்காமல் மேலே ஒன்றோடொன்று பூட்டுற வைனில் (பிளாஸ்ரிக்) பலகை போட்டால், நடக்க நடக்கப் பலகையின் பூட்டு உடைஞ்சுபோகும்."

"மற்ற ஆள் வந்து பார்த்திட்டுப் போனவர், அவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே தம்பி."

மற்ற ஆள் சொல்லமாட்டார். அவர் சதுர அடிக்கு ஒரு டொலர் குறைத்துக் கேட்டு, கிடைத்த மேடு பள்ளத்தின் மேலேயே பூட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தக் குறைந்த விலையோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. மட்டமாக்கும் வேலையைத் தனி வரியாக எழுதி, மட்டக்கோலுக்கு அடியில் தெரியும் வெளிச்சத்தைப் படம் எடுத்துக் காட்டுகிறேன். பார்த்த பிறகு பலர் சம்மதிக்கிறார்கள். சம்மதிக்காத வேலையை விட்டுவிடுவதே நல்லது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பழைய வீட்டில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள், அடியில் கறுப்புப் பசையோடு தெரிந்தால் கை வைக்காதீர்கள். அந்தக் காலத்து ஓட்டிலும் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்ராறியோவில் அதற்கென்றே 278/05 என்று தனி விதி இருக்கிறது. துண்டொன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை வேலையை நிறுத்துங்கள். "சும்மா உடைச்சு பையில போடு" என்று சொல்லும் முதலாளி உங்கள் நுரையீரலுக்குப் பொறுப்பு எடுக்கமாட்டார். கொங்கிறீற்றை உரசும்போது பறக்கும் சிலிக்கா தூசும் அப்படித்தான். நல்ல முகமூடி, தூசு இழுக்கும் மெஷின், முழங்கால் பட்டை மூன்றுக்கும் முதல் சம்பளத்திலேயே காசு ஒதுக்குங்கள்.

கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டு வேலையில் எலிவேற்றருக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். சத்தம் போட அனுமதித்த மணித்தியாலத்துக்குள் வெட்டி முடிக்கவேண்டும். கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கும் விரிப்பு எந்தத் தரத்தில் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். பெட்டிகளை ஏற்றி முடிக்கவே காலை போய்விடும். இவையும் சதுர அடியில் வருவதில்லை.

கடைசியாகக் காசு. கட்டுமானத்தில் 2013 முதல் தனியாள் கொன்ராக்டருக்கும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்கிற வேலையிடக் காயக் காப்புறுதி கட்டாயம். வீட்டில் குடியிருப்பவரிடமே நேரடியாக வேலை எடுத்து, வீட்டுத் திருத்த வேலை மட்டும் செய்பவருக்கு விலக்கு உண்டு. நான்கு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரிக்குப் பதிவு செய்து 13 சதவீதம் வாங்கிக் கட்டவேண்டும். அந்தக் காசை வேறு கணக்கில் போடுங்கள், அது உங்களுடையதல்ல.

ஒரு நிறுவனம் என் காசை "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று மாதக்கணக்கில் இழுத்தது. வாடகை நாள் நெருங்க நெருங்க, இரவில் தூக்கமில்லை. எனக்குச் சட்டத்தில் என்ன பிடி இருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். 2019 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவில், முறையான இன்வொய்ஸ் கிடைத்து 28 நாளுக்குள் உரிமையாளர் கொன்ராக்டருக்குக் கொடுக்கவேண்டும். அது கைக்கு வந்த 7 நாளுக்குள் கொன்ராக்டர் சப் கொன்ராக்டருக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் சொத்தின் மீது லீன், அதாவது கடன் உரிமைப் பதிவு, போடலாம். அதற்குக் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து பொதுவாக 60 நாள்தான் தவணை. எங்கள் ஆட்கள் முதலாளியின் முகத்துக்காகப் பார்த்துப் பார்த்து அந்த நாளைத் தவறவிட்டுவிட்டு, பிறகுதான் வந்து கேட்கிறார்கள். கடைசியாக வேலை செய்த திகதியை எழுதி வையுங்கள், அன்றைக்கே இன்வொய்ஸை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதம் தாண்டியும் காசு வராவிட்டால் வக்கீலிடம் போங்கள்.