காலரா தடுப்பு மருந்து: அட்டையில் போட்ட தேதியை அப்படியே நம்பாதீர்கள்

காலரா பரவும் பகுதிக்கு வேலையாகப் போக வேண்டியிருந்தது. வாய்வழித் தடுப்பு மருந்து, இரண்டே தவணைதானே என்று நினைத்தேன். நான்கு நடை அலைந்தேன்.

முதல் நடை வீண். மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. பதிவு செய்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன். காத்திருக்கிறேன் என்றால், அதற்குள் மூடிவிடுவார்களாம். மறுநாள் போய்க் குடித்தேன்.

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான். எழுத்தர் அட்டையில் 2 மாதம் கழித்துத் தேதி போட்டுக் கொடுத்தார். அதே நாளில் போனால் செவிலியர், "6 வாரம் தாண்டிடுச்சே, முதல்லேர்ந்து தொடங்கணும்" என்றார். பயணத்துக்கு 16 நாள்தான் இருந்தது. கண் கலங்கிவிட்டது.

ஊசியாகவே போட்டுவிடலாமே என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். காலரா கிருமி இரத்தத்துக்குள் போவதில்லை. சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நச்சைக் கக்குகிறது. அதனால் காவலும் அங்கேதான் வேண்டும். ஒரு காலத்தில் எல்லை தாண்ட காலரா ஊசிச் சான்றிதழ் கேட்டார்கள். அந்த ஊசியால் நோய் பரவுவது நிற்கவில்லை, 1973-ல் விதியே நீக்கப்பட்டது.

குடலுக்குள் காவல் நிற்பது ஐஜிஏ என்ற ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடலே உருவாக்கும் புரதம். இரண்டிரண்டாகப் பிணைந்து, குடல் சுவரின் செல்களைக் கடந்து கோழைக்குள் வந்து சேர்கிறது. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. அதே சங்கிலி கிருமியின் வாலைச் சுற்றியும் இருப்பதால், பிடிபட்ட கிருமியால் நீந்த முடியாது. கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். குடல் சுவரை எட்டாது. இதைக் கேட்டபோது கோபம் பாதி இறங்கிவிட்டது.

எனக்குக் கொடுத்த மருந்தில் செத்த கிருமிகளோடு, நச்சு குடலில் ஒட்டப் பயன்படுத்தும் 'பி' பகுதியும் உண்டு. அதற்கு எதிரான ஆன்டிபாடி நச்சை ஒட்டவிடாது. வயிற்று அமிலம் அந்தப் பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால்தான் சோடா உப்புக் கரைசலில் கலந்து தருகிறார்கள்.

கவனியுங்கள்: இந்த மருந்துக்குப் பெரியவர்களுக்கு இரண்டு தவணை, இடைவெளி 1 வாரத்துக்குக் குறையக்கூடாது, 6 வாரத்தைத் தாண்டக்கூடாது. 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மூன்று தவணை. வேறு மருந்தென்றால் கணக்கும் வேறு. பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசித் தவணைக்குப் பின் ஒரு வாரமாவது விட்டுக் கிளம்புங்கள்.

அன்றே மறுபடி முதல் தவணை, சரியாக ஏழு நாள் கழித்து இரண்டாவது. நேற்றோடு அந்தக் கடைசி வாரமும் முடிந்தது. நாளைக்குப் பயணம்.