பந்தின் மேல் உட்கார்ந்தவள்

"பந்தைக் காலால நிறுத்துங்க!" என்றார் பயிற்சியாளர். எல்லாக் குழந்தைகளும் நிறுத்தினார்கள். என் மகள் மட்டும் பந்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலு வயது. ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. கவனம் முழுக்கப் புல்லில் ஊரும் எறும்பின் மேல்.

முதல் கால்பந்து வகுப்பு. மேட்ச் இல்லை, ஸ்கோர் இல்லை. ஆளுக்கொரு 3-ஆம் நம்பர் பந்து. பெரியவர்களின் 5-ஆம் நம்பர் என்றால் கிட்டத்தட்ட இவள் முழங்கால் உயரம் வரும். ஒரே பந்தைப் போட்டால் அத்தனை பேரும் ஈயாய் மொய்ப்பார்கள், பாதிப் பேர் கால் படவே படாது.

"பச்சை" என்றால் உருட்டு. "சிவப்பு" என்றால் மிதித்து நிறுத்து. டிரிப்ளிங்கின், அதாவது பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு ஓடுவதன், அரிச்சுவடியே இதுதான்.

ஓரத்தில் நின்று "உதை, உதை" என்று கத்திய அப்பாக்களில் நானும் ஒருவன். (வெட்கமாகத்தான் இருக்கிறது.)

கடைசிச் "சிவப்பு"க்குப் பாதத்தை மெல்லத் தூக்கிப் பந்தின் தலையில் வைத்தாள். அப்புறம் என்னைத் தேடித் திரும்பினாள்.

பந்து உருண்டு போய்விட்டது.