சூரை தின்னும் ஊரில் வாத்தியார் வேலை

எங்கள் ராமநாதபுரம் கரையில் வெளிநாடு போவது ஒரு சேதியே இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கும். வாத்தியாராகப் போகிறவர்கள்தான் குறைவு. அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்; போனது மாலத்தீவு. இப்போதும் பி.எட். முடித்த பிள்ளைகள் தங்கச்சிமடம் கடைத்தெருவில் மறித்து, "சார், அங்க எப்படி?" என்று கேட்கிறார்கள். சம்பளம், விசா, டாலர் தட்டுப்பாடெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. அவர்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது எனக்கு அசட்டுத் தைரியம். கடல், தென்னை, கருவாடு, உப்புக்காற்று. இதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது? திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. பாம்பனிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போக அதைவிட நேரமாகும். அங்கே வியாபாரம் பார்த்துத் திரும்பியிருந்த கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர்தான், "தம்பி, மாதா படத்தை அம்மாகிட்டயே கொடுத்துட்டுப் போங்க. சாமி படம், சுரூபம் எதையும் உள்ள விட மாட்டாங்க" என்றார். அம்மாவுக்கு அது பெரிய குறை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங்கே விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரில் சர்ச்சில் பூசை நடக்கிற நேரத்தில், வாரத்தின் முதல் பள்ளி மணி அடித்தபோதுதான் என்னவோ போலிருந்தது.

சாப்பாட்டில் சிரமமே இல்லை. காலையில் மஸ்ஹூனி: சூரை மீனோடு தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது, தொட்டுக்கொள்ள ரொட்டி. எங்கள் வீட்டில் சீலாவோ விளமீனோ கிடைக்காத நாளில்தான் சூரை வாங்குவோம். அங்கே மீன் என்றாலே சூரைதான். வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் பொறாமையாக இருந்தது. நம் பெண்கள் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு அலைகிற அலைச்சல் நினைவுக்கு வராமல் இருக்குமா?

உண்மையில் திணறடித்தது இந்தி. இந்திப் படங்களும் சீரியல்களும் பார்த்துப் பழகிய ஊர் அது. இந்தியாவிலிருந்து சார் வந்திருக்கிறார் என்றதும் பெற்றோர்கள் சரளமாக இந்தியில் ஆரம்பித்தார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. ஒரு பாட்டி நான் இந்தியன்தானா என்று தலைமையாசிரியரிடமே விசாரித்திருக்கிறார். ராமநாதபுரத்துக்கும் டெல்லிக்கும் எவ்வளவு தூரம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்க வேண்டியதாயிற்று.

நான் இயற்பியல்காரன். சின்னத் தீவு, சின்னப் பள்ளிக்கூடம் என்பதால் புவியியலும் என் தலையில் விழுந்தது. பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கானது; அதில் ஆறு பற்றி ஒரு பாடம். அந்த நாட்டில் ஆறே கிடையாது. இயற்கையான தரையின் உச்சிகூட இரண்டரை மீட்டரைத் தொடாது. ஓடிவருகிற தண்ணீரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நமக்குத்தான் வைகை இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். மலையில் பிறக்கும், மதுரை வழியாக வரும், ஆற்றங்கரை என்ற ஊரில் கடலில் சேரும். அப்புறம் வாய் சும்மா இருக்காமல், பல வருஷங்களில் தண்ணீர் அவ்வளவு தூரம் வருவதில்லை, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி என்றும் சொன்னேன். முன்வரிசைப் பெண் எழுந்திருக்காமலே கேட்டாள்: "தண்ணீர் இல்லாத இடத்தில் அதை ஏன் ஆறு என்கிறீர்கள்?" படுகை, மணல் என்று ஏதேதோ சொன்னேன். அவள் நோட்டில் எழுதவே இல்லை.

எழுந்திருக்காமல் கேட்டதும் எனக்குப் புதிது. நம் ஊரில் சார் தெருவில் வந்தால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுவார்கள். அங்கே சைக்கிளில் போகிறபோக்கில் "ஹாய் சார்" என்று கையை ஆட்டிவிட்டுப் போவான், நேற்று பரீட்சையில் தோற்றவன். அது பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பழகிவிட்டது. ஆனால் பயம் இல்லாத வகுப்பில் கேள்விக்குப் பஞ்சமில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போகிற வீடியோவைப் போட்டேன். 1914இல் கட்டிய பாலம், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்றேன். ரயிலே பார்க்காத பிள்ளைகள். அந்த 58ஐ யார் அளப்பார்கள், எதை வைத்து அளப்பார்கள், அளக்கிறவர் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பீரியட் முழுக்கப் போனது. நல்ல இயற்பியல் வகுப்பு அது. நம் ஊரில் அப்படி ஒன்று எனக்கு அமைந்ததே இல்லை.

மீன்பிடி பற்றிப் பேச்சு வந்த நாள்தான் கடினமான நாள். நம் ஆட்கள் இலங்கையில் பிடிபடுகிற செய்தியை எங்கோ பார்த்துவிட்டு, அடுத்த நாட்டுக் கடலுக்கு ஏன் போகிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். அவன் அப்பா சூரை பிடிக்கிறவர். அங்கே சூரைக்கு வலை கிடையாது. உயிர்மீனை இரையாக வீசிக் கூட்டத்தை வரவழைத்து, படகின் பின்புறத்தில் வரிசையாக நின்று தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். பாக் நீரிணை குறுகலானது, 1974இல் எல்லை போட்டு கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது, விசைப்படகுகள் பெருகிவிட்டன, இழுவலை அடிமண்ணையே அரித்துவிட்டது என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நீங்களும் தூண்டில் போடலாமே" என்றான்.

விடுமுறைக்கு வந்தபோது விசைப்படகு வைத்திருக்கிற மச்சானிடம் இதை அப்படியே சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பயலை ஒரு நாள் கூட்டிட்டு வா மாப்ளே. எறாலைத் தூண்டில்ல பிடிச்சுக் காட்டட்டும்" என்றார்.