ஓ.பி.ஜி.யின் கீழ் மூலைகள்

பல் செட் கட்டவோ கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவோ வருகிறவர்களை ஓ.பி.ஜி. என்கிற முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்வது பல் மருத்துவர்களான எங்கள் வழக்கம். முகவாயைத் தாங்கியில் வைத்து நின்றால், இயந்திரம் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடைகளையும் ஒரே படமாகத் தந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் நான் பல்லுக்கு முன்னால் படத்தின் கீழ் மூலைகளைத்தான் பார்ப்பேன்.

தாடை எலும்பின் கோணத்துக்குக் கீழே, சற்றுப் பின்னால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. அங்கே படிந்த கொழுப்பில் கால்சியம் ஏறினால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். 1981லேயே ஃப்ரீட்லாண்டர், லாண்டே என்ற ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். ஆனால் வெள்ளையெல்லாம் தமனி அல்ல. நாவடி எலும்பும் அங்கேதான் தெரியும். குரல்வளையின் தைராய்டு குருத்தெலும்புக்கு ஒரு கொம்பு உண்டு, அதற்கு மேலே மணிபோல வழவழப்பாக ஒரு சிறு குருத்தெலும்பு இருக்கும். அதிகம் ஏமாற்றுவது அதுதான். தமனியில் படிந்தது அத்தனை ஒழுங்காக இருக்காது. உதிர்ந்த சுண்ணாம்புக் காரைபோல, மேலும் கீழுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. "பல்லு கட்டத்தானேம்மா வந்தேன், கழுத்துல என்னங்கிறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. எத்தனை சதவீதம் அடைப்பு என்று இந்தப் படம் சொல்லாது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான் சொல்லும், ஜெல் தடவிப் பார்ப்பார்கள், வலிக்காது என்றேன். பொதுமருத்துவருக்குக் கடிதமும் கொடுத்தேன். அறுவைக்குப் போகிற அளவு அடைப்பு இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஆரம்பித்தார்கள். வாய் கெடும் என்று நான் சொன்னபோதெல்லாம் சிரித்தவர், இப்போது பீடியைக் குறைத்திருக்கிறாராம். சரி, எப்படியோ.

இதற்காகவே எல்லோருக்கும் ஓ.பி.ஜி. எடுப்பது வீண். கால்சியம் ஏறாத படிவு இதில் தெரியாது. படம் சுத்தமாக இருந்தால் தமனியும் சுத்தம் என்று ஆகாது. அறிகுறி இல்லாத எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவும் சொல்கிறது. ஆனால் வேறு காரணத்துக்கு எடுத்த படத்தில் கண்ணெதிரே தெரிவதை விட்டுவிடக் கூடாது.

அப்புறம், ஸ்கேன் சென்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் வரிசையை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முழுப் படத்தையும் அனுப்புங்கள்.